கடுகு வெடிக்கும் ஓடை

ஜூலை 18, வெள்ளி

இந்த நோட்டு டாக்டரம்மா கொடுத்தது. காலையில் சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், கால் எப்படி இருக்கிறது, மூன்றையும் தினமும் எழுதி, மலையிறங்கியதும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேறு எதையும் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெயர் சிவனணைஞ்சான். வயது ஐம்பத்தேழு. ஊர் விக்கிரமசிங்கபுரம். தொழில் கல்யாணச் சமையல். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் வீட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் என் மனைவி சொர்ணத்தின் கண் என் தட்டை விட்டு நகராது. மலைக்கு மேலே தவளை ஆராய்ச்சி முகாமுக்கு மூன்று வாரம் சமைக்க ஆள் வேண்டும் என்றதும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

முகாமில் இரண்டே பேர். தலைவி ஷெரின், மார்த்தாண்டத்துப் பெண், தவளையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மற்றவர் மேலப்பாளையம் தௌபீக், தவளைச் சத்தத்தைப் பதிவு செய்கிறவர். பெருவிரல் நகம் அளவுள்ள ஒரு மரத்தவளையைத் தேடி வந்திருக்கிறார்கள். வெற்றிலைப் பச்சையாம். ஓடை ஓரக் காடுகளில் இருக்குமாம். எந்தக் காலத்திலோ யாரோ பிடித்துப் பாட்டிலில் போட்ட ஒன்றைத் தவிர, உயிரோடு பார்த்தவர் இன்றைக்கு யாரும் இல்லை. அது எப்படிக் கத்தும் என்பதும் யாருக்கும் தெரியாது.

அடையாளம் தெரியாத ஆளைத் தேடிக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த கதைதான்.

சர்க்கரை 168. கோதுமைத் தோசை இரண்டு. கால் நன்றாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

ஷெரின் முகாம் விதிகளைச் சொன்னார். சமையலறைக்கு வெளியே தின்பண்டம் எதையும் கொண்டுபோகக் கூடாது. கரடி வரும். இனிப்பு வாசனை அதற்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுமாம். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

"பின்னே இன்னொண்ணு அண்ணாச்சி," என்றார். "ஒங்க வீட்டம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. ஒங்களுக்கு இனிப்பைக் கண்ணுல காட்டக் கூடாதுன்னு."

"காட்டாண்டாம்," என்றேன். உண்மைதான். அவர் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சர்க்கரை 171. கேப்பைக் களி. கால் நன்றாக இருக்கிறது. மழை.

ஜூலை 22, செவ்வாய்

சர்க்கரை மிஷின் 240 காட்டியது. இந்த ஈரக் காற்றில் மிஷின் ஒழுங்காக வேலை செய்யாது. 175 என்று வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது தௌபீக் தம்பி தன் ரெக்கார்டர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தவளைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். முதலாவது, அப்பளத்தை இரண்டாக ஒடிக்கிற சத்தம். அடுத்தது, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் மூச்சு வாங்குவது. மூன்றாவது, தேங்காய் திருவுகிறவன் நடுநடுவே பேசப் போய்விடுவது.

தௌபீக் விழுந்து விழுந்து சிரித்தார். ஷெரின் சிரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நல்ல காது."

"ஐந்நூறு பேர் பந்திக்கு ஆறு அடுப்பு எரியும். எது அடிபிடிக்குதுன்னு காதாலதான் தெரியும்."

"புதுசா ஏதாவது கேட்டா ஒடனே சொல்லணும். இது எனக்கு மூணாவது ஆடி. ரெண்டு வருசமா வெறுங்கையோட எறங்கியிருக்கேன். ஆகஸ்டு பத்தாம் தேதியோட அனுமதி முடியுது. இந்தத் தடவையும் இல்லன்னா அதோட மூடிருவாங்க."

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

என் பெட்டியின் அடியில் நாலு முழ வேட்டிக்குள் சுருட்டிய ஒரு கிலோ கருப்பட்டி மிட்டாய் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பது எனக்கே சரியாகத் தெரியாது. நான்தான் வைத்திருக்க வேண்டும்.

ஷெரினும் தௌபீக்கும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரிய ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். சமையலறைக்குப் பின்னால் இருநூறு அடி இறங்கினால் ஒரு சின்ன ஓடை. இரண்டு பக்கமும் ஈத்தைப் புதர். ஈத்தை என்பது மூங்கிலுக்குத் தம்பி, விரல் தடிமனிலிருந்து உலக்கை தடிமன் வரை நிற்கும். முகாமுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவில் தட்டையான பாறை. அதில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, மூன்று மிட்டாய் தின்றேன். கடித்ததும் உள்ளிருந்த பாகு வழிந்து முழங்கை வரை வந்தது. ஓடையிலேயே கழுவினேன். கரடி வரவில்லை.

இடது சுண்டுவிரல் பக்கம் செருப்பு கடித்த இடம் கொஞ்சம் எரிகிறது. தண்ணீரில் வைத்தால் தெரிவதில்லை.

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன். கால் நன்றாக இருக்கிறது.

ஜூலை 26, சனி

ஜீப் ஓட்டுகிற ஆவுடையப்பன் காய்கறி கொண்டுவந்தார். கூடவே சொர்ணத்தின் சீட்டு. "காலைத் தெனமும் வெளிச்சத்துல பாக்கியளா? ஒங்க அண்ணனுக்கும் செருப்பு கடிச்சுத்தான் ஆரம்பிச்சுது. நெனப்பு இருக்கட்டும்."

அண்ணனுக்கு ஒரு விரலில் ஆரம்பித்தது முழங்காலில் வந்து நின்றது. அது வேறு. அவன் புகையிலை போடுவான்.

சீட்டின் பின்பக்கத்தில் அடுத்த வாரச் சாமான் லிஸ்ட் எழுதி ஆவுடையப்பனிடம் கொடுத்துவிட்டேன். சாமான் கட்டிக் கொடுப்பது சொர்ணம்தான், அந்தச் சீட்டு அவள் கைக்கே போகும் என்று அவர் போன பிறகுதான் உறைத்தது.

கால் நன்றாக இருக்கிறது. மழைக்கு நல்லது என்று சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

இதையும் கிழிக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரல். பாறையில் உட்கார்ந்திருந்தேன். மிட்டாய் தின்று முடித்து வெகு நேரம் ஆகிவிட்டது. கால் தண்ணீரில் இருக்கும்போது எழுந்துவர மனசு வருவதில்லை. அசையாமல் இருந்ததால் ஒரு நண்டு என் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அப்போது கேட்டது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டிக், டிக் டிக். மறுபடி அமைதி. மறுபடி ஒரே ஒரு டிக்.

தாளிக்கும்போது கடுகெல்லாம் வெடித்து முடிந்து, அடுப்பை அணைத்த பிறகு, கரண்டியில் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு கடுகு யோசித்து யோசித்து வெடிக்குமே, அதேதான். ஈத்தைப் புதருக்குள்ளிருந்து வந்தது. கொஞ்சம் முழக்கத்தோடு, மூடி போட்ட பாத்திரத்துக்குள் வெடிப்பது போல. தௌபீக் பெட்டியில் இந்தச் சத்தம் இல்லை.

எழுந்தேன். நின்றுவிட்டது.

உடனே சொல்ல வேண்டும்தான். சொன்னால், அங்கே எதற்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். எவ்வளவு நேரம் இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், ஏன் சாக்ஸ் நனைந்திருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். பூச்சியாகக்கூட இருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

பூச்சி இல்லை. இன்றைக்கும் கேட்டது.

மிஷின் 286. இந்த மிஷினை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூலை 30, புதன்

ஷெரின் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றார். என் தேங்காய்ப்பால் சொதியைப் பசியில்லாதவன்கூட மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வான்.

பொறுக்க முடியவில்லை. "நேத்து ஒரு புதுச் சத்தம் கேட்டேன்," என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் தட்டை வைத்துவிட்டார்கள். கடுகுச் சத்தத்தைச் செய்து காட்டினேன்.

"எங்க அண்ணாச்சி?"

ஒரு விநாடி இருந்தது எனக்கு. அந்த ஒரு விநாடியில் சொல்லியிருக்கலாம்.

"மேல, பெரிய ஓடைப் பாலத்துக்கு அங்கிட்டு. வெறகு பொறுக்கப் போனேன்ல, அப்ப."

ஆகஸ்ட் 1, வெள்ளி

பாலத்துக்கு அங்கிட்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தௌபீக் மேல் நாற்பத்தொரு அட்டை. எண்ணிச் சொன்னார். உப்புத் துணியால் நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"பரவால்ல அண்ணாச்சி, ஒங்க காதை நம்பலாம்," என்றார்.

அவருக்கு இரண்டு ஆம்லெட் கூடுதலாகப் போட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

தௌபீக்குக்குக் காய்ச்சல். மிளகு ரசம், குழைந்த சோறு. ஷெரின் தனியாகவே பாலத்துக்குப் போனார்.

இன்றைக்கு ஓடைப் பக்கம் நான் போகவில்லை. மிட்டாய் இனிப்பாக இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பதினெட்டு. எலுமிச்சை, தேங்காய், புளி மூன்று சாதமும் கிளறினேன். தௌபீக் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஷெரின் பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏழு நாள் இருக்குல்லா," என்றேன்.

"இவன் ஒடம்பு தேறணும். நாளன்னைக்கு எறங்கிரலாம்னு இருக்கேன். செரி, விடுங்க. எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு."

அழவில்லை. கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சுற்றியதையே மறுபடி பிரித்துச் சுற்றினார்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். கால் கிலோ இருக்கும்.

"இது என்ன?"

"பாலத்துக்குப் பக்கத்துல கேக்கல. பின்னால இருக்க சின்ன ஓடையில கேட்டேன். இதத் திங்கத்தான் அங்க போனேன். சொன்னா மானம் போயிரும்னு பொய் சொல்லிட்டேன்."

தௌபீக் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார். நாற்பத்தொரு அட்டையும் அவர் கண்ணில் தெரிந்தது.

ஷெரின் கேமராவைக் கீழே வைத்தார். பிறகு, "பின்னாலயா? நம்ம பாத்திரம் கழுவுற தண்ணி போற எடத்துக்குக் கீழயா?" என்றார்.

"ஆமா."

"மூணு வருசமா நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

ஒரு மிட்டாயை எடுத்துப் பாதி கடித்தார். மீதியைத் தௌபீக்கிடம் நீட்டினார். பொட்டலத்தை என் கைக்கு எட்டாத பரணில் வைத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜீப்பில் போய்க்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூவரும் இறங்கினோம். தௌபீக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார், தடுத்தும் கேட்கவில்லை. பாறையைக் காட்டினேன். எப்படி உட்கார்ந்தீர்களோ அப்படியே உட்காருங்கள் என்றார் ஷெரின். சாக்ஸோடு காலைத் தண்ணீரில் விட்டேன்.

"சாக்ஸைக் கழத்தாமயா?"

"குளிருது."

"குளிருற தண்ணில எதுக்கு காலை வைக்கிய?"

 அவர் குனிந்து, பெரிய மனுஷனின் காலைத் தொடுகிறோம் என்ற யோசனைகூட இல்லாமல், சாக்ஸை உருவிவிட்டார்.

நானே அதை வெளிச்சத்தில் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதற்குக் கீழே பாதம் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. வாடை இருந்தது.

"எத்தன நாளா?"

"செருப்பு கடிச்சது."

"செருப்பு கடிச்சா கருக்காது அண்ணாச்சி. வலிக்கலயா?"

"மொதல்ல எரிஞ்சுது. இப்ப ஒண்ணும் தெரியல." அதைச் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. அண்ணனும் இதையேதான் சொன்னான்.

அந்த நேரத்தில் புதருக்குள் டிக் என்றது.

மூன்று பேர் தலையும் ஒன்றாகத் திரும்பியது. டிக், டிக் டிக். தௌபீக் கை தானாகப் பெட்டிக்குப் போயிற்று. ஷெரின் கை என் காலைப் பிடித்தபடியே இருந்தது.

"தௌபீக், மேல போயி வயர்லெஸ்ல சொல்லி ஆவுடையப்பனை ஒடனே வரச் சொல்லு."

"மேடம், ரெக்கார்டர்..."

"மொதல்ல வண்டி."

அவர் கம்பளியை எறிந்துவிட்டு ஓடினார். ஷெரின் தன் துப்பட்டாவை நனைக்காமல் மடித்து என் காலுக்கு அடியில் வைத்தார். புதரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்று வருஷம் தேடியது ஆறடி தூரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இந்தப் பெண் என் அழுகின விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா வெரல் தேறிருமா? அங்க போங்கம்மா."

"இல்ல அண்ணாச்சி..."

"நான் பொய் சொன்னதுக்கு மூணு நாளு வீணாப் போச்சு. அந்த மூணு நாளை இப்ப எடுத்துக்கிடுங்க. போங்க."

போனார். தௌபீக்கும் திரும்பி வந்து மைக்கை நீட்டினார். நான் அசையாமல் இருந்தேன். ஆட்கள் அமைதியானதும் அது மறுபடி ஆரம்பித்தது. ஷெரின் ஒவ்வொரு ஈத்தையாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு தண்டில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. அதற்குள் வயரில் கட்டின சின்னக் கேமராவை விட்டு, கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

எனக்குத் திரை தெரியவில்லை. அவர் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்துபோய், திரும்பி வந்து, கடைசியில் தாலி கட்டி முடிந்த பிறகு பெண்ணைப் பெற்றவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்.

"முட்டை," என்றார், குரலே இல்லாமல். "எட்டு முட்டை. பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

ஜீப் ஹாரன் கேட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரி. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது.

சர்க்கரை 312. இங்கேயும் மிஷின் அப்படித்தான் காட்டுகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தார். நான் ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவில்லை, மறந்துபோயிற்று. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் அவர் மூக்கால் சிரித்தது கேட்டது. முடிக்கும்போது சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்."

"தெரியும் டாக்டரம்மா."

"தெரிஞ்சுதானே ஒளிச்சீங்க?"

"பயம்," என்றேன். ஒரு சொல்தான். அதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

என் கால் கட்டுத்துணியை இழுத்துச் சரிசெய்தார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "அது எப்படித்தான் கத்தும்?" என்று கேட்டார். நாக்கைத் தட்டிச் செய்து காட்டினேன். மருந்து டிரே கொண்டுவந்த நர்ஸம்மா, என்ன உடைந்தது என்று கீழே பார்த்தார்.

ஆகஸ்ட் 16, சனி

சொர்ணம் வந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுப்பாள், முகத்தைத் துடைத்துவிடுவாள், பேச மாட்டாள். அந்தச் சாமான் லிஸ்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்து முடித்ததும் அதை வெளியே எடுத்து, என் எதிரிலேயே இரண்டு பக்கமும் படிப்பாள்.

இன்றைக்கு ஷெரினும் தௌபீக்கும் வந்தார்கள். அனுமதியை இரண்டு மாதம் நீட்டித்துவிட்டார்களாம். தௌபீக் போனில் வீடியோவைப் போட்டார். அதன் பெயர் "கடுகு 1." ஈத்தைக்குள் இருட்டு, ஈரச் சுவர், கண்ணாடி மணி போல முட்டைகள், ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு. வார்டில் எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் என் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது அம்மாவா?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்.

"அப்பன்," என்றார் ஷெரின். "அம்மா முட்டையிட்டுட்டுப் போயிருவா. இவன்தான் காவல். இந்தச் சாதித் தவளைக்குத் தலைப்பிரட்டை கெடையாது, முட்டைக்குள்ளயே முழுத் தவளையா வளந்துதான் வெளிய வரும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு நெனைக்கேன். அதுவரைக்கும் இவன் அநேகமா பட்டினிதான். நாங்க பாத்த வரைக்கும் சாப்பிட வெளிய போகவே இல்ல."

எல்லாருடைய தோளுக்கும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சொர்ணம் வாயைத் திறந்தாள்.

"நகத்தளவு இருக்கு. ஒரு மாசம் வாயக் கட்டுது."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, வந்து கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் போன பிறகும் வைத்திருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வீடு. சர்க்கரை 149. கேப்பைத் தோசை ஒன்று. கால்: நாலு விரல்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஆவுடையப்பன் வாசலில் வந்து நின்றார். இந்த வாரம் பொரித்துவிடும், வந்து பார்க்க வேண்டும் என்று ஷெரின் சொல்லி அனுப்பியிருந்தார். கால் நனையக் கூடாது, மண்ணில் படக் கூடாது என்ற கட்டளையோடு டாக்டரம்மாவும் சம்மதித்துவிட்டார்.

ஜீப் முகாம் வரை போகும். அதற்குக் கீழே இருநூறு அடி. தௌபீக் எனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

"ஏறுங்க அண்ணாச்சி. உப்புமூட்டை."

ஐம்பத்தேழு வயதில் உப்புமூட்டை ஏறினேன். சொர்ணம் பின்னால் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மெதுவா, மெதுவா" என்று அவள் சொன்னதெல்லாம் தௌபீக்குக்கு.

பாறையில் இறக்கிவிட்டார். ஷெரின் உதட்டில் விரலை வைத்து ஓர் ஈத்தை இலையைக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இலையின் மேல் ஒரு ஜவ்வரிசி அசைந்தது. அதற்கு நாலு கால் இருந்தது. பக்கத்து இலையில் இன்னொன்று. எட்டில் ஏழு வெளியே வந்துவிட்டதாம். ஒன்று மட்டும் தேறவில்லை. சொர்ணம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவன் எங்க?" என்று கேட்டேன்.

ஷெரின் கேமராவை வெடிப்புக்குள் விட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். உள்ளே காலியாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் வெளிய வந்தான். இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் எரை தேடப் போயிருக்கான்."

"சாப்பிடவா?"

"ஆமா அண்ணாச்சி."

"இங்க என்ன கெடைக்கும் அவனுக்கு?"

"எறும்பு, சின்னச் சின்னப் பூச்சி. மழை பெய்ஞ்சிருக்குல்லா, நல்லாவே கெடைக்கும்."

சாரல் ஆரம்பித்தது. மேலே போய்விடலாமா என்று தௌபீக் கேட்டார். சொர்ணம் குடையை விரித்து, முதலில் என் காலுக்குப் பிடித்தாள். இருக்கட்டும், அவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றேன். நாலு பேரும் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.